பீஷியா எழுதிய வாளிச் சடங்கு

நான்வெய் ஊரின் சமூகக் கூடத்தில் கழிப்பறை அடைத்துக்கொண்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. கதவில் 'பழுதுபார்ப்பு நடைபெறுகிறது' என்று ஒட்டிய தாள் வெயிலில் வெளுத்து, எழுத்தெல்லாம் போய், வெறும் தாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே கூடுகிற கிழவர் கிழவிகள் நாற்பது பேரும் சோற்றையும் மீனையும் தின்றுவிட்டு சூப்பை மட்டும் தொடாமல் எழுந்துபோவார்கள். சமையல்காரிக்கு அதில் தீராத வருத்தம். சூப்பில் ஒரு குறையும் இல்லை. குடித்தால் எங்கே போவது என்பதுதான் குறை.

ஊர் தீவின் மேற்குக் கடற்கரையில், கடலைவிடத் தாழ்ந்து கிடந்தது. மீன்குளங்களுக்காக ஐம்பது வருடமாகத் தரைக்கு அடியிலிருந்து தண்ணீரை இறைத்து இறைத்து, ஊரே ஓர் ஆள் உயரம் இறங்கிவிட்டது. ஏழாம் மாதத்துப் பெருநீர் ஏறும்போது கடல் சாக்கடை வழியாக ஊருக்குள் வரும். வரும்போது வெறுங்கையோடு வராது. வீட்டுக்கு வீடு கழிவுக்குழியில் கிடந்ததையும் மேலே கூட்டிக்கொண்டு வரும். மதகும் குழாயும் கேட்டு பத்தொன்பது வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனு வாங்கிக்கொள்வதில் எந்த அலுவலகமும் முகம் சுளித்ததில்லை.

இந்த ஊருக்குத்தான் ஐம்பத்தொரு வயதில் கோ பீஷியா திரும்பி வந்தாள். பதினேழு வருடம் உரிமம் இல்லாத ஒரு வானொலியில் மருந்து விற்றவள். எழுதுவதும் அவளே, பேசுவதும் அவளே. சிறுநீரகம், மூட்டு, தூக்கமின்மை, மருமகள் மரியாதை கொடுக்காதது என்று எல்லாவற்றுக்கும் ஒரே புட்டியை விற்றாள். ஒருநாள் அதிகாரிகள் வந்து நிலையத்தைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். கணவன் அதற்கு முன்பே வேறொரு வீட்டில் குடியேறியிருந்தான். பீஷியா இரண்டு பெட்டியோடு அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த மறுவாரமே சமூகச் சங்கத் தலைவர் சுவாங் ஒரு தர்பூசணியோடு வாசலில் நின்றார். மீன்தீவனக் கடைக்காரர், அறுபது வயது, எதைச் செய்தாலும் பின்னால் சிவப்புத் துணிப் பதாகை கட்டிப் படம் எடுத்துக்கொள்ளாமல் செய்யமாட்டார். பண்பாட்டு அலுவலகம் ஊர்களுக்கு உதவித்தொகை தருகிறதாம், விண்ணப்பம் எழுத ஆள் இல்லை என்றார். பீஷியா தனக்கு அதெல்லாம் தெரியாது என்றாள்.

"இல்லாத நோய்க்கு மருந்து வித்தவ நீ," என்றார் சுவாங். "இருக்கற கழிப்பறைக்கு நாலு வரி எழுத மாட்டியா?"

எழுதினாள். இரண்டே பக்கம். அடைத்த கழிப்பறை, நாற்பது முதியவர்கள், உடைந்த குழாயின் படம் மூன்று. அலுவலகத்தில் விண்ணப்பக்காரர் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில் ஒரு மணி, ஐந்தாவதில் இரண்டு மணி. பீஷியா இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டாள். தேர்வுக்குழுவின் நடுவில் தலைநகரிலிருந்து வந்த பேராசிரியர் ஓயாங் உட்கார்ந்திருந்தார். அவர் மூன்றாவது படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கனிவாகத்தான் கேட்டார்.

"மேடம், கழிப்பறை எல்லா ஊர்லயும் இருக்கு. உங்க ஊருக்குன்னு தனியா என்ன இருக்கு?"

"எங்க ஊர்ல அது இல்ல சார். அதுதான் தனி."

யாரும் சிரிக்கவில்லை. 'கட்டுமானச் செலவு இவ்வாண்டின் நோக்கத்தில் அடங்காது. பண்பாட்டு உள்ளடக்கம் போதவில்லை' என்று கடிதம் வந்தது. அதே வருடம் பக்கத்து ஊருக்குச் சிப்பி ஓடுகளால் ஒரு ராட்சத நண்டு செய்யப் பணம் கிடைத்தது. அந்த ஊரில் நண்டு கிடையாது.

பீஷியாவுக்குச் சுருக்கென்றது. தோற்றதற்காக அல்ல, விற்கத் தெரிந்தவள் விற்காமல் வந்துவிட்டோமே என்று. அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் வெற்றிபெற்ற விண்ணப்பங்கள் வரிசையாகக் கிடந்தன. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுக்குப் பழைய வேலை அப்படியே கைக்கு வந்துவிட்டது. வேர், நினைவு, தலைமுறை, நிலைத்த வளர்ச்சி, ஊர் திரும்பும் இளைஞர். வானொலியில் இதையே இரத்த ஓட்டம், நரம்பு, உள்சூடு என்பாள். எந்த நோய்க்கு என்று சொல்லிவிட்டால் மருந்து ஒருவருக்குத்தான் விற்கும்; சொல்லாமல் விட்டால் ஊருக்கே விற்கும்.

சரக்குக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. போங்சி பெரியம்மாவிடம் போனாள். எழுபத்தெட்டு வயது, சிப்பி உரிக்கிற கத்தியைப் போலவே நாக்கும். போங்சி என்ற பெயருக்கு 'பிறந்தது பிறந்துபோச்சு, வளர்த்துத் தொலைப்போம்' என்று பொருள். நம்மூர்ப் போதும்பொண்ணுகளுக்கு உடன்பிறப்பு. அந்தக் காலத்தில் பெருநீர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பீஷியா கேட்டாள். போங்சி சிப்பி உரித்தபடியே சொன்னாள். தண்ணீர் வடிந்த காலையில் வீட்டுக்கு இரண்டு வாளி, தோளில் காவடித்தடி. பொம்பளைகள்தான் சுமப்பார்கள், ஆம்பளைகளுக்கு அந்த நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிடும். செருப்பு வீணாகிவிடும் என்று வெறுங்கால். நாற்றத்துக்கு முகத்தில் துணி. வாயைத் திறந்தால் குமட்டும், அதனால் பேச்சு கிடையாது. கரைமேட்டில் ஏறி, இறங்குகிற கடலில் கொட்டிவிட்டு வருவார்கள். இப்போதும் அப்படித்தான், வாளி மட்டும் பிளாஸ்டிக் என்றாள்.

பீஷியா வீட்டுக்கு வந்து எழுதினாள்:

'ஏழாம் மாதப் பெருநீர் வடிந்த காலையில், நான்வெய் ஊர்ப் பெண்கள் வெறுங்காலோடு, முகத்தைத் துணியால் மறைத்து, ஒரு சொல்லும் பேசாமல், வீட்டுக்கு இரண்டு வாளி சுமந்து கரைமேட்டில் ஏறி, கடல் கொண்டுவந்ததைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். இது தாய் மகளுக்குச் சொல்லித்தந்து தலைமுறை தலைமுறையாக வருவது.'

ஒரு சொல்லும் பொய் இல்லை. ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் எழுதவில்லை.

இந்த முறை ஐந்து நிமிடமும் பேசினாள். வானொலிக் குரல், தேவைப்பட்ட இடத்தில் இறங்கியது. இரண்டாவது மணி அடித்தபோது, அடித்த பெண்ணே மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்தாள். ஓயாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்டதைவிட அதிகமாகவே ஒதுக்கினார்கள்.

சுவாங் சிவப்புப் பதாகை கட்டிப் படம் எடுத்து முடித்த கையோடு, கழிப்பறை வேலையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டார். பீஷியா ஒப்புதல் ஆணையை அவரிடம் நீட்டினாள். சடங்குக்கு நீலச் சாயமேற்றிய உடை தைக்கலாம். பறக்கும் கேமராவில் படம் பிடிக்கலாம். துணிப்பை அச்சிடலாம். பட்டறை நடத்தலாம், பட்டறைக்கு வருகிறவர்களுக்கு மதிய உணவுப் பெட்டி தரலாம். கழிப்பறை தவிர எல்லாம் செய்யலாம்.

வாளிக்கும் சிக்கல் வந்தது. பிளாஸ்டிக் வாளி படத்தில் நன்றாக இருக்காது என்று அலுவலகத்திலிருந்து ஆலோசனை வந்தது. மலைப்பக்கத்து ஆசாரி ஒருவரிடம் சொல்லி மர வாளி இருபத்துநான்கு செய்து வாங்கினார்கள். உள்ளே எதை ஊற்றினாலும் ஒழுகியது. நல்லவேளையாக எதையும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

விழாவுக்கு வெளியூரிலிருந்து முந்நூறு பேர் வந்தார்கள். முந்நூறு பேர் வந்தால் போக இடம் வேண்டுமே என்று பீஷியா 'விருந்தினர் வசதி' என்ற தலைப்பில் ஆறு நடமாடும் கழிப்பறைகளை இரண்டு நாள் வாடகைக்கு வரவழைத்திருந்தாள். நான்வெய் முதியவர்களுக்கு அன்றைக்குத்தான் திருவிழா. சடங்கைப் பார்க்க வந்தவர்கள் கரைமேட்டில் நிற்க, ஊர்க்கிழவர்கள் கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். சமூகக் கூடத்தில் சூப்பு முதல்முறையாகத் தீர்ந்துபோனது. ஞாயிறு மாலை லாரி வந்து ஆறையும் ஏற்றிக்கொண்டு போனபோது, இன்னும் ஒருமுறை போய்விட்டு வருகிறேனே என்று ஓட்டுநரிடம் நாலு பேர் கெஞ்சினார்கள்.

அடுத்த மாதம் ஓயாங் ஆய்வுக்காக வந்தார். போங்சிக்கு ஊர்ப்பேச்சு மட்டும்தான் தெரியும். அவருக்கு அது வராது. பீஷியா நடுவில் உட்கார்ந்து பெயர்த்துச் சொன்னாள். கடலுக்குத் திருப்பிக் கொடுக்கும் அந்தக் கணத்தில் பெரியம்மாவின் மனதில் என்ன ஓடும் என்று அவர் கேட்டார்.

போங்சி பீஷியாவைப் பார்த்தாள். "இவருக்கு என்ன, புத்தி சரியில்லையா? பீய கொட்டும்போது என்ன ஓடும்? மேல தெறிக்காம இருக்கணுமேன்னு ஓடும்."

"என்ன சொல்றாங்க?" என்றார் ஓயாங்.

"நம்மோடது இல்லாததைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது, அது நம்ம மேல ஒட்டாமப் போகணும்னு வேண்டிப்பாங்களாம் சார்."

அவர் அதை எழுதிக்கொண்டு கீழே இரண்டு கோடு போட்டார். அந்த வரிதான் பிறகு அவருடைய கட்டுரைக்குத் தலைப்பானது.

பீஷியாவுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? மருந்து விற்ற காலத்தில் போலீஸ் சத்தம் கேட்டால் பின்வாசல் வழியே ஓடியவளை இப்போது மற்ற ஊர்ச் சங்கங்கள் மாலை போட்டுக் கூப்பிட்டு, 'ஆசிரியை' என்று மேடையில் உட்கார வைத்தன. மறுவருடம் அலுவலகம் வாளிச் சடங்கைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பன்னிரண்டு பெண்களுக்குச் 'சடங்குக் காப்பாளர்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். போங்சி அதைச் சுவரில் ஈரம் பொரிந்த இடத்தை மறைக்க மாட்டிக்கொண்டாள். அளவு சரியாக இருந்தது.

அதற்கும் அடுத்த வருடம், யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து நான்கு பேர் அளவுகோலும் மூன்றுகால் அளவைக் கருவியுமாக வந்து இறங்கினார்கள். மதகு, இறைப்பு நிலையம், ஊர் முழுக்கக் கழிவுநீர்க் குழாய். அந்தப் பழைய மனு ஏதோ ஒரு மேசையில் கண்விழித்துவிட்டது. ஊரே கூடி நின்று, அவர்கள் கோடு போடுவதை வேடிக்கை பார்த்தது. சுவாங் பதாகைக்குத் துணி வாங்கிவிட்டார்.

இருபது நாள் கழித்து அவர் ஒரு கடிதத்தோடு பீஷியா வீட்டுக்கு வந்தார். கையில் தர்பூசணி இல்லை. பண்பாட்டு அலுவலகம் எழுதியிருந்தது: 'பட்டியலிடப்பட்ட சடங்குக்குக் கடல்நீர் ஊருக்குள் வருவதே அடிப்படைச் சூழல். மதகு அமைத்தால் அச்சூழல் அழியும் அபாயம் உண்டு. ஆகவே ஆய்வு முடியும்வரை பணிகள் நிறுத்திவைக்கப்படுகின்றன.' ஒன்றரை வருடத்துக்குள் தொடங்காவிட்டால் ஒதுக்கிய பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

பீஷியா கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மொழி நன்றாக இருந்தது. பாதி வரிகள் அவளுடையவை.

மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. போங்சி மட்டும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"ஏ புள்ள, இத்தன வருசம் சுமந்தது போதாதுன்னு, இனிமே அரசாங்க முத்திரையோட சுமக்கணுமா?"

பீஷியா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அலுவலகத்தின் ஆய்வுக் கூட்டத்துக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே ஓயாங். இந்த முறை மணி இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். சடங்கு என்று ஒன்று இல்லை, கழிவுக்குழி பொங்கினால் அள்ளிக் கொட்டுவதைத்தான் அப்படி எழுதினேன், தப்பு என்னுடையது, ஊரைத் தண்டிக்காதீர்கள் என்று சொன்னாள். பதினேழு வருடத்தில் மைக் முன்னால் சொல்லாத உண்மையை அங்கே முழுதாகச் சொன்னாள். ஓயாங் பொறுமையாகக் கேட்டார். அவர் கட்டுரை வெளிநாட்டில் இரண்டு மொழிகளில் வந்திருந்தது.

"மேடம், உள்ளயே இருக்கறவங்களுக்கு அதோட மதிப்பு தெரியறதில்ல. தன் கண்ணுக்குத் தன் இமை தெரியாத மாதிரி."

"சார், அந்த வாளியில இருந்தது மலம்."

"இருக்கட்டுமே. உள்ள என்ன இருக்குங்கறது முக்கியமில்ல. சுமக்கறதுதான் சடங்கு."

"சுமக்கறது நீங்க இல்லையே சார்."

கூட்டக் குறிப்பில் இது 'மரபுக்கு உரியவர்களின் ஆழ்ந்த சுயவிமரிசனம்' என்று பதிவானது. பாதுகாக்க வேண்டிய அவசியம் இன்னும் கூடிவிட்டது என்று அடுத்த வரி சொன்னது.

பேருந்தில் திரும்பும்போது பீஷியாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மருந்து வாங்கினவன் கூட இரண்டாம் மாதம் வேலை செய்யவில்லை என்று திட்டிக் கடிதம் போடுவான். இந்த ஆள் புட்டியில் ஒன்றுமில்லை என்று விற்றவளே சொன்ன பிறகும் இன்னொரு புட்டி கேட்கிறான்.

மருந்துச் சட்டத்தின் ஓட்டைகளைத் தேடித் தேடிப் படித்து வளர்ந்தவள் அவள். பாரம்பரியப் பட்டியலுக்கும் ஒரு விதிமுறைப் புத்தகம் இருந்தது. நாற்பத்தொரு பக்கம். முப்பத்தாறாம் பக்கத்தில் ஒரு சின்ன விதி: காப்பாளர்கள் அனைவரும் எழுத்துமூலம் விலகி, ஆறு மாதத்துக்குள் வேறு யாரும் பொறுப்பேற்காவிட்டால், பட்டியலிலிருந்து பெயர் தானாக நீங்கும். பன்னிரண்டு கையெழுத்து.

ஒன்பது வீட்டில் உடனே கிடைத்தது. இரண்டு பெண்கள் தயங்கினார்கள். விழாவுக்கு விழா கொடுக்கிற நீல உடையும் உணவுப் பெட்டியும் போய்விடுமே என்று. சுவாங்கின் மனைவி பன்னிரண்டாவது ஆள். அங்கே தயங்கியது சுவாங். விழா நாளில் அவர் கடையில் குளிர்பானம் நன்றாக விற்கும். நகரசபைத் தேர்தலுக்கு நிற்கிற யோசனையும் இருந்தது, பட்டியலில் உள்ள ஊரின் தலைவர் என்றால் கௌரவம்தானே. மதகையும் கட்டிக்கொண்டு சடங்கையும் வைத்துக்கொள்ள வழி எழுதேன் என்று பீஷியாவைக் கேட்டார். பீஷியா போய்ப் போங்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"வெச்சுக்கோ," என்றாள் போங்சி. "ஆனா இந்த வருசம் உன் வீட்டு வாளிய உன் பொண்டாட்டி தூக்கமாட்டா. நீ தூக்கு. படம் எடுக்க நான் ஆள் அனுப்பறேன்."

சுவாங் பேனாவை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். தயங்கிய இரண்டு பேரும் அன்று மாலையே வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

விலகல் கடிதங்களைப் பீஷியாதான் எழுதினாள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினாள். ஒரு சொல்லைக்கூட அழகுபடுத்தவில்லை. 'நாற்பது வருடம் சுமந்தேன். இடுப்பு போய்விட்டது. இனி முடியாது.' 'என் மகளுக்கு இதைச் சொல்லித்தர மாட்டேன்.' போங்சியுடையது ஒரே வரி: 'நான் சுமந்தது மலம், அதைச் சுமக்க இனி நான் வரமாட்டேன்.' எழுதி முடித்து வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்தபோது, இதுவரை எழுதியதிலேயே இதுதான் நல்ல எழுத்து என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு மட்டும் யாரும் ஒரு யுவான் தரவில்லை.

ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் ஏழாம் மாதம் வந்தது, பெருநீரும் வந்தது. காலையில் தண்ணீர் வடிந்தபோது நான்வெய் முழுக்க முழங்கால் சேறும் நாற்றமும். கேமரா இல்லை, நீல உடை இல்லை. பீஷியா வீட்டுக் குழியும் பொங்கியிருந்தது. இளம் வயதிலேயே நகரத்துக்குப் போனவள். இத்தனை பக்கம் எழுதியும் ஒருநாளும் வாளி சுமந்ததில்லை. அன்று சுமந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தடியின் இரு முனையிலும் பிளாஸ்டிக் வாளி ஆட, மற்ற பெண்களுக்குப் பின்னால் நடந்தாள். கரைமேட்டில் கால் வழுக்கி, ஒரு வாளி பாதி அவள் பாவாடையிலேயே கொட்டியது. 'ஒரு சொல்லும் பேசாமல்' என்று எழுதியிருந்தாளே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னால் போன பெண்ணின் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாம் மாதம் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. காரணம்: 'காப்பாளர் இன்மை'. அடுத்த வசந்தத்தில் மதகு வேலை தொடங்கி, பதினான்கு மாதத்தில் முடிந்தது. திறப்பு விழாவில் சுவாங்கின் பெயர் கல்வெட்டில் மூன்றாவது வரியில் வந்தது. பீஷியாவின் பெயர் வரவில்லை, அவள் கேட்கவும் இல்லை. சமூகக் கூடத்துக் கழிப்பறையைப் புதுக் குழாயோடு இணைக்க வந்த மேஸ்திரி நாற்பது நிமிடத்தில் அடைப்பை வெளியே எடுத்தார். தரை துடைக்கிற துணி ஒன்று. வேறு ஒன்றுமில்லை.

ஓயாங்கின் கட்டுரை இன்னும் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. 'அழிந்துபோன கடலோரச் சடங்கு' என்ற பெயரில் அதற்கு மதிப்பு முன்பைவிட அதிகம்.

பீஷியா இப்போதும் ஊர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறாள். கூலியை முன்னாலேயே வாங்கிக்கொள்கிறாள். கழிப்பறை, கூரை, படிக்கட்டு என்று வருகிறவர்களைப் பொதுப்பணித் துறைக்கு அனுப்பிவைத்து, அங்கே விடாமல் எப்படி நச்சரிப்பது என்று இலவசமாகச் சொல்லித்தருகிறாள்.

போன வருடம் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து அவளுக்கும் போங்சிக்கும் அழைப்பு வந்தது. முதலாம் ஆண்டு 'நீர் அனுப்பும் விழா'. சிறப்பு விருந்தினர்கள், பேருந்துச் செலவு தரப்படும். அந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மலை ஏற வேண்டும். போனார்கள். கல்லூரிப் பெண்கள் இருபது பேர் வெள்ளை உடையில், முகத்தில் மெல்லிய துணியோடு, சித்திரம் தீட்டிய வாளிகளைச் சுமந்து ஓடையை நோக்கி நடந்தார்கள். மைக்கில் ஒரு பெண் அதன் உட்பொருளைக் குரல் தழதழக்க விளக்கிக்கொண்டிருந்தாள். குரல் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை என்று பீஷியா மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டாள்.

போங்சி பக்கத்தில் வந்த பெண்ணை நிறுத்தி, உள்ளே என்ன என்று சைகையில் கேட்டாள். ஊற்றுத் தண்ணீர், ரோஜா இதழ் போட்டிருக்கிறோம் என்றாள் அந்தப் பெண். பீஷியா பெயர்த்துச் சொன்னாள்.

போங்சி குனிந்து முகர்ந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினாள். பிறகு விருந்தினர்களுக்குக் கொடுத்த துணிப்பையை உதறி, தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, வெங்காயம் போட ஆகும், இன்னொன்று கேட்டு வாங்கு என்றாள்.